மைதா இல்லாத பீட்சா பேஸ் எங்கே சொதப்புகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மைதா பேஸ் கொஞ்சம் பொறுத்துப்போகும். தண்ணீர் கூடினாலும், பிசைந்தது போதாவிட்டாலும், அடுப்புச் சூடு முன்பின் இருந்தாலும், கடைசியில் சாப்பிடும்படி ஏதோ ஒன்று வந்துவிடும். அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) குறைந்த பேஸில் அந்தப் பிடிமானம் கிடையாது. காலிஃபிளவர், பாதாம், சீஸ், முட்டை எதிலும் குளூட்டன் இல்லை. சின்னத் தவறுகூட அப்படியே தட்டில் வந்து நிற்கும். ஆனால் எந்தத் தவறுக்கு என்ன விளைவு என்பது ஓரளவு நிச்சயம். பேஸ் என்ன செய்கிறது என்று பார்த்தாலே எங்கே பிசகியது என்று சொல்லிவிடலாம்.

முதலில், எந்த அளவை வைத்துப் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவு இதிலிருந்து ரொம்ப விலகியிருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

காலிஃபிளவர் பேஸ்: தண்டு நீக்கிய பூ 500 கிராம், முட்டை 1, துருவிய மொசரெல்லா 60 கிராம், பாதாம் மாவு 2 மேசைக்கரண்டி, உப்பு, மிளகு. இதில் 10 அங்குலத்தில் ஒன்றோ 7 அங்குலத்தில் இரண்டோ வரும். புதிதாகச் செய்பவர்கள் இரண்டு சின்னதாகவே செய்யுங்கள். திருப்பிப் போட எளிது.

பாதாம் சீஸ் பேஸ்: மொசரெல்லா 170 கிராம், பாதாம் மாவு 85 கிராம், க்ரீம் சீஸ் 2 மேசைக்கரண்டி, முட்டை 1. மெல்லிசாக விரித்தால் 10 முதல் 12 அங்குலம் வரை வரும்.

150 கிராம் மைதாவில் செய்த பேஸில் மாவுச்சத்து 110 கிராமைத் தாண்டும். மேலே சொன்ன காலிஃபிளவர் பேஸ் முழுவதிலும், நார்ச்சத்தைக் கழித்தால் 20 கிராமுக்கு உள்ளேதான். பாதாம் பேஸும் கிட்டத்தட்ட அதே கணக்கு. ஆனால் கலோரியில் இரண்டும் ஒன்றல்ல. பாதாம் சீஸ் பேஸ் ஒன்று ஆயிரம் கலோரியைத் தாண்டிவிடும்; காலிஃபிளவர் பேஸில் அதில் பாதிகூட இருக்காது. உடல் எடைக்காகச் செய்கிறீர்களா, சர்க்கரைக்காகவா என்று யோசித்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள். சிலர் ராகி, கம்பு மாவில் பேஸ் செய்து இதே பட்டியலில் சேர்க்கிறார்கள். அவை நல்ல தானியங்கள்தான், நார்ச்சத்தும் உண்டு. ஆனால் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும்போது அதை மாவுச்சத்து குறைந்த பேஸ் என்று சொல்ல முடியாது.

சரி, இனி ஒவ்வொரு கோளாறாகப் பார்ப்போம்.

நடுவில் சொதசொத என்று இருக்கிறது, எடுத்தால் தொங்குகிறது

காலிஃபிளவர் பேஸ் செய்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் மாட்டுகிறார்கள். காரணம் பத்துக்கு ஒன்பது முறை தண்ணீர். பூவின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதைப் பிழிந்து எடுக்காமல் அடுப்பில் வைத்தால் பேஸ் சுடாது, தன் ஆவியிலேயே வேகும். ஈரம் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. மேல்புறம் பொன்னிறமாக மாறுவதற்கு 140 டிகிரியாவது வேண்டும். அடுப்பில் 220 என்று வைத்துவிட்டு, ஏன் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

நம் வீடுகளில் இதற்கு முன்னாலேயே ஒரு பிசகு நடக்கிறது. புழுவுக்காக மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பூவைப் போடுவது நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் துருவுவதற்கு முன், முழுப் பூவாக இருக்கும்போதே போட்டு எடுத்துவிட வேண்டும். அப்புறம் துணியில் பரப்பி ஈரம் போக உலரவிட வேண்டும். துருவிய பிறகு வெந்நீரில் போட்டால் இருக்கும் தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும்.

துருவல் ரவைப் பதத்தில் இருக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்றுதான். விழுதாகிவிட்டால் துணியில் பிழியும்போது தண்ணீரோடு பூவும் வழிந்துவிடும். துருவலைத் தண்ணீர் சேர்க்காமல் மைக்ரோவேவில் ஐந்தாறு நிமிடமோ, அகலமான வாணலியில் எண்ணெய் இல்லாமல் எட்டு நிமிடமோ வதக்குங்கள். மூடி வேண்டாம். இட்லிப் பானையில் ஆவி கட்டுபவர்களும் உண்டு. வேகும், ஆனால் பிழிய வேண்டிய தண்ணீர் கூடிவிடும்.

பிறகு தட்டில் பரப்பி கை பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். பழைய வேட்டித் துணி ஒன்றை நான்காக மடிக்காமல் ஒற்றையாக விரித்து, பாதிப் பாதியாகப் போட்டு முடிந்து முறுக்குங்கள். முதலில் மளமளவென்று கொட்டும், அப்புறம் சொட்டும், அப்புறம் நின்றுவிடும். நின்றுவிட்டது என்று அங்கே விடக்கூடாது. முடிச்சைப் பிரித்து, உள்ளே இருப்பதைக் கிளறிவிட்டு மறுபடி முறுக்கினால் இன்னொரு தடவை தண்ணீர் வரும். உண்மையான வித்தியாசம் இந்த இரண்டாவது முறுக்கில்தான் இருக்கிறது. 500 கிராம் பூ கடைசியில் பாதி எடைக்கு வந்திருக்க வேண்டும். தராசு இல்லையென்றால், ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் நசுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் ஈரப் பளபளப்பு தெரியக்கூடாது. பிழிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்துக்கோ சூப்புக்கோ ஆகும்.

கலவை தளர்வாக இருக்கிறதே என்று கடலை மாவையோ சோள மாவையோ அள்ளிப் போடுவது பலரும் செய்யும் வைத்தியம். அது நோயை விட மோசம். சோள மாவு முழுக்க மாவுச்சத்துதான். கடலை மாவிலும் பாதிக்கு மேல் அதுதான். எதற்காக இந்தப் பாடு படுகிறோமோ அது கொல்லை வழியாக உள்ளே வந்துவிடும். தளர்வாக இருந்தால் மறுபடி துணியில் போட்டுப் பிழியுங்கள். முட்டை ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள் என்றால் ஒரு டீஸ்பூன் இசப்கோல் (மருந்துக் கடையில் கிடைக்கும் நார் உமி) தூவிப் பத்து நிமிடம் விடுங்கள், இறுகிவிடும்.

உப்பைக் கடைசியில், தட்டுவதற்குச் சற்று முன் சேருங்கள். உப்புப் போட்ட கலவையை ஓரமாக வைத்துவிட்டு சாஸ் கிண்டப் போனால், திரும்பி வரும்போது கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும்.

நன்றாகப் பிழிந்தும் நடுப்பகுதி சொதசொத என்றால் கனத்தைப் பாருங்கள். ஓரம் மெல்லிசாகவும் நடு மேடாகவும் தட்டியிருப்பீர்கள். கை அப்படித்தான் தட்டப் பழகியிருக்கிறது. இங்கே நேர்மாறாக வேண்டும்: நடுவில் அரை சென்டிமீட்டர், ஓரத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அடுத்தது, டாப்பிங் இல்லாமல் வெறும் பேஸை முதலில் சுட்டாக வேண்டும். 220 டிகிரியில் 20 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 8 நிமிடம். இந்த முதல் சூட்டைத் தவிர்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக அடுக்கிச் சுட வழியே இல்லை.

ஏற்கெனவே சுட்டுவிட்டீர்கள், விருந்தாளி வந்தாயிற்று, நடு சொதசொத என்று இருக்கிறது என்றால் தோசைக்கல் காப்பாற்றும். கல்லை மிதமாகக் காயவைத்து பீட்சாவை அப்படியே அதன்மேல் நகர்த்தி, மூடாமல் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் விடுங்கள். மூடி போட்டால் மறுபடி ஆவிதான்.

மேலே கருகுகிறது, அடியில் வெளுத்திருக்கிறது

ஓடிஜியில் (மேலும் கீழும் கம்பி எரியும் சின்ன மின் அடுப்பு) மேல் கம்பி மட்டும் எரிகிறதா என்று பாருங்கள். கிரில்லுக்கு வைத்த திருகு அப்படியே இருந்திருக்கும். இரண்டு கம்பியும் எரிய வேண்டும், தட்டு கீழ்த் தட்டிலோ நடுவிலோ இருக்க வேண்டும். 15 நிமிடமாவது காயவிட்ட பிறகே உள்ளே வைக்க வேண்டும். முடிந்தால் காலித் தட்டையும் உள்ளேயே வைத்துக் காயவிட்டு, தாளோடு பேஸை அதன்மேல் நகர்த்துங்கள். அடியில் முதல் நொடியிலேயே சூடு ஏறும்.

சின்ன ஓடிஜிகளில் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அடுப்புக்குள் வைக்கும் தனி வெப்பமானி ஒன்று வாங்கினால் பீட்சாவுக்கு மட்டுமல்ல, கேக்குக்கும் உதவும். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கன்வெக்‌ஷனில் வைக்க வேண்டும். வெறும் மைக்ரோவேவில் பேஸ் சிவக்கவே சிவக்காது, தோல் போல இறுகும்.

பாதாம் பேஸ் மட்டும் ஓரம் சட்டென்று கருகும். எண்ணெய்ச்சத்து அதிகம், சீஸும் அதிகம். அதை 220 டிகிரியில் 10 நிமிடத்துக்கு மேல் கண்காணிப்பு இல்லாமல் விடாதீர்கள். ஓரம் நிறம் மாற ஆரம்பித்தால் அலுமினியத் தாளில் பட்டை பட்டையாகக் கிழித்து ஓரத்தை மட்டும் மூடிவிடலாம்.

தாளோடு ஒட்டிக்கொண்டது

முதல் சந்தேகம் தாள்மேல்தான். நம் ஊரில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் கடைக்காரர் எதையும் தருவார். இனிப்புப் பெட்டியில் விரிக்கும் மெழுகுத் தாளும் அந்தப் பெயரில்தான் வருகிறது. அது அடுப்பில் புகைந்து பேஸோடு ஒன்றாகிவிடும். சிலிக்கான் பூசிய பேக்கிங் தாள் வேண்டும். அட்டையில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும். அந்த எண் இல்லாத தாளை அடுப்புக்குள் விடாதீர்கள்.

நல்ல தாளிலும் ஒட்டினால் அவசரப்பட்டுத் திருப்பியிருக்கிறீர்கள். சீஸும் முட்டையும் இறுகிய பிறகு பேஸ் தானாகவே விட்டுக்கொடுக்கும். ஓரத்தைத் தோசைத் திருப்பியால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் இன்னும் மூன்று நிமிடம். தாளில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டால் காலிஃபிளவர் பேஸுக்கு நல்லது. பாதாம் பேஸுக்கு அது தேவையே இல்லை.

துண்டு போட்டால் உதிர்கிறது

சொதசொதப்புக்கு நேரெதிர்க் கோளாறு என்று நினைப்பீர்கள், ஆனால் பல நேரம் இரண்டும் ஒரே பேஸில் இருக்கும். கட்டுவதற்கு ஆள் போதவில்லை என்று அர்த்தம். பிழிந்த 250 கிராம் பூவுக்கு ஒரு முட்டையும் 60 கிராம் சீஸும் குறைந்தபட்சம். கொழுப்பு வேண்டாம் என்று சீஸை எடுத்துவிட்டால், கட்டும் வேலையில் பாதியை எடுத்துவிட்டதாகத்தான் ஆகும்.

சீஸுக்குப் பதில் பனீர் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மேலே தூவ நல்லது, உள்ளே கட்டுவதற்கு உதவாது. அமிலம் ஊற்றித் திரித்த பால் எவ்வளவு சூட்டிலும் உருகாது, கட்டியாகவே நிற்கும். துண்டங்களாக வரும் பிராசஸ்ட் சீஸ் உருகும், ஆனால் இழுவை இருக்காது. பொட்டலத்தில் மொசரெல்லா என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். பொருள் பட்டியலில் தாவர எண்ணெய் என்று இருந்தால் அது சீஸ் அல்ல, சீஸ் வேடம் போட்டது.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு: ஒரு மேசைக்கரண்டி இசப்கோலை நான்கு மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் விடுங்கள். கூழாக இறுகியதும் கலவையில் சேருங்கள். ஆளி விதைப் பொடியும் இதைச் செய்யும், ஒரு பங்கு பொடிக்கு மூன்று பங்கு தண்ணீர். ஆனால் ஆளி விதையில் ஒரு மண் வாசனை வரும், பிடிமானமும் குறைவு. இரண்டில் ஒன்றென்றால் நான் இசப்கோல் பக்கம். மருந்துக் கடையில் வாங்கும்போது ஆரஞ்சுச் சுவையும் சர்க்கரையும் சேர்த்த டப்பாவை எடுத்துவிடாதீர்கள், வெறும் உமி வேண்டும். அதை மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டிப் பொடித்துக்கொண்டால் நாக்கில் நறநறக்காது.

சேர்மானம் எல்லாம் சரியாக இருந்தும் உதிர்ந்தால், சுடச்சுட வெட்டியிருக்கிறீர்கள். அடுப்பிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஐந்து நிமிடம் விட்டால் உருகிய சீஸ் இறுகிக்கொள்ளும். தட்டையான பாத்திரத்தில் வைத்து ஆறவிடக்கூடாது, அடியில் வேர்த்துவிடும்.

பாதாம் மாவு சீஸோடு சேரவே மாட்டேன் என்கிறது

கிண்ணத்தில் ஒரு பக்கம் நூல் நூலாகச் சீஸ், இன்னொரு பக்கம் உதிரி மாவு, நடுவில் முட்டை வழுக்கிக்கொண்டு ஓடும். இது அளவுப் பிரச்சினை இல்லை, சூடு போய்விட்டது. மொசரெல்லா உருகியிருக்கும் நேரம் மிகச் சின்னது. அதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

துருவிய மொசரெல்லாவையும் பாதாம் மாவையும் முதலிலேயே கலந்து, மேலே க்ரீம் சீஸை வைத்து மைக்ரோவேவில் ஒரு நிமிடம். எடுத்துக் கிளறி இன்னும் அரை நிமிடம். இப்போது கரண்டியால் நாலு கிளறு, அப்புறம் முட்டையை அடித்து ஊற்றிக் கையை உள்ளே விட்டுவிட வேண்டும். கரண்டியால் இது ஆகாது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, அமுக்கி மடித்து அமுக்கி மடித்துப் பிசைந்தால் ஒரு நிமிடத்துக்குள் வெள்ளைக் கோடுகள் மறைந்து ஒரே நிறமாகும். கோடு இன்னும் தெரிகிறது, மாவும் விறைத்துவிட்டது என்றால் மறுபடி 15 விநாடி சூடு காட்டிப் பிசையுங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தாலும் மாவு கெட்டுப்போகாது. மைக்ரோவேவ் இல்லாதவர்கள் கொதிக்கும் தண்ணீர்மேல் கிண்ணத்தை வைத்து உருக்கலாம். நேரடித் தீ வேண்டாம்.

க்ரீம் சீஸ் கிடைக்கவில்லையென்றால், புளிக்காத கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு எடுத்தது போதும்.

இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவில் வைத்துத்தான் விரிக்க வேண்டும். சப்பாத்திப் பலகையில் மாவு தூவித் தேய்க்கலாம் என்று பார்த்தால் பலகையோடு போய்விடும். விரித்ததும் முள்கரண்டியால் எங்கும் குத்திவிடுங்கள். இல்லையென்றால் ஆவி மாட்டிக்கொண்டு நடுவில் பெரிய கொப்புளம் எழும்பும். எழும்பிவிட்டால் அடுப்பைத் திறந்து கத்தி முனையால் குத்தி அமுக்கிவிட்டால் சரியாகிவிடும்.

எண்ணெய் மிதக்கிறது

பாதாம் பேஸில் கொஞ்சம் எண்ணெய் கசிவது இயல்பு. குளமாக நின்றால் இரண்டு காரணம். சீஸை அளவுக்கு மீறிச் சூடாக்கி அது திரிந்து கொழுப்பு பிரிந்திருக்கலாம். அல்லது வீட்டில் அரைத்த பாதாம் மாவு மாவாக இல்லாமல் வெண்ணெயாகத் தொடங்கியிருக்கலாம்.

கடைப் பாதாம் மாவின் விலை கண்ணைக் கட்டும் என்பதால் பெரும்பாலோர் வீட்டில்தான் அரைக்கிறோம். தோல் உரித்த பாதாம் ஈரப்பொட்டு இல்லாமல் காய வேண்டும், மின்விசிறிக் காற்றில் ஒரு முழு நாளாவது. பிறகு ஃப்ரீசரில் அரை மணி வைத்து, காய்ந்த ஜாரில் மூன்று விநாடிக்கு மேல் ஓட்டாமல் விட்டு விட்டு அரைத்துச் சலிக்க வேண்டும். ஜாரின் அடி சூடாகத் தொடங்கினால் நிறுத்திவிட்டு வேறு வேலை பாருங்கள். சலித்து நின்ற திப்பியை அடுத்த ஈட்டில் சேர்க்கலாம்.

பாதாம் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு வறுக்காத நிலக்கடலை இருக்கிறது. மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பாதாமுக்குப் பக்கத்திலேயே வரும், விலை மிகக் குறைவு. கடலை வாசனை மட்டும் தூக்கலாக வரும். பூண்டும் மிளகாயும் கூடுதலாகப் போட்டால் அதுவே பொருத்தமாகவும் இருக்கும்.

தேங்காய் மாவு போட்டேன், வறட்டியாக வெடித்துவிட்டது

பாதாம் மாவு அளவுக்கே தேங்காய் மாவு போட்டிருப்பீர்கள். நார் மிகுந்த மாவு, தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 85 கிராம் பாதாம் மாவின் இடத்தில் 25 கிராம் தேங்காய் மாவு போதும், கூட ஒரு முட்டையும் வேண்டும். கலந்து ஐந்து நிமிடம் விட்ட பிறகே பதம் பார்க்க வேண்டும். கலந்த உடனே தளர்வாகத்தான் தெரியும்.

இதைக் கடையில் வாங்கத் தேவையே இல்லை. சொதிக்கோ குருமாவுக்கோ பால் எடுத்தபின் தூக்கிப் போடும் தேங்காய்ச் சக்கைதான் தேங்காய் மாவு. மூன்றாம் பால் வரை எடுத்துவிட்டு வெயிலில் சருகாகக் காயவைத்து மிக்ஸியில் பொடித்தால் ஆயிற்று.

காலிஃபிளவர் வாடை, முட்டை வாடை

காலிஃபிளவர் வாடை அதிக நேரம் வேகவைத்ததால் வருகிறது. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வேக வேகத்தான் வெளியே வருகின்றன. பழுப்புப் புள்ளி விழுந்த பழைய பூவில் அது இன்னும் தூக்கல். வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும் பூவை வாங்கி, முன்னால் சொன்ன நேரத்துக்கு மேல் வதக்காமல் விட்டால் வீட்டில் யாரும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

முட்டை வாடை வந்து, பேஸும் ஆம்லெட் பதத்தில் இருந்தால் முட்டை அதிகம். இரண்டு போட்டதை ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் வெள்ளைக்கரு மட்டும் போட்டுப் பாருங்கள்.

இரண்டு வாடைக்கும் ஓமம் அருமருந்து. ஆரிகனோவுக்கு அந்தப் பீட்சா மணத்தைத் தரும் தைமால் வகை எண்ணெய்கள்தான் ஓமத்திலும் இருக்கின்றன. அரை டீஸ்பூன் கசக்கிப் போட்டால் பீட்சாக் கடை வாசனையே வந்துவிடும். தொட்டியில் கற்பூரவல்லி இருந்தால் இரண்டு இலையைப் பொடியாக நறுக்கிச் சாஸில் சேருங்கள், ஆரிகனோ பொட்டலத்தைத் தேட வேண்டியதில்லை.

மொறுமொறு என்று வந்த பேஸ், டாப்பிங் போட்டதும் ஊறிவிட்டது

சாஸ் கரண்டியில் எடுத்தால் விழாத பதத்துக்குச் சுண்ட வேண்டும். 10 அங்குல பேஸுக்கு மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். காளான், குடைமிளகாய், வெங்காயம் எல்லாவற்றையும் அகலமான வாணலியில் பெரிய தீயில் வதக்கி ஈரம் போனபின் போடுங்கள். தக்காளியை விதை நீக்கிப் போடலாம். எனக்குப் பிடித்த முறை, பேஸின்மேல் முதலில் கொஞ்சம் சீஸைத் தூவி அதன்மேல் சாஸைத் தடவுவது. உருகிய சீஸ் சாஸுக்கும் பேஸுக்கும் நடுவில் நின்றுகொள்ளும். இரண்டாவது சூடு ஐந்து முதல் ஏழு நிமிடம்தான், சீஸ் கொதித்தால் போதும்.

அப்புறம், இந்த பேஸ்மேல் மலையாகக் குவிக்க முடியாது. மைதா பேஸ் தாங்குவதில் பாதிதான் தாங்கும்.

இசப்கோல் போட்டது ஊதா நிறமாகிவிட்டது

கெட்டுப்போகவில்லை. சில பிராண்டு இசப்கோல் சுட்டதும் ஊதாச் சாயல் காட்டும். சாப்பிடலாம். பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் பிராண்டை மாற்றிப் பாருங்கள்.

பேஸ் நன்றாக வந்தது, ஆனால் சர்க்கரை ஏறிவிட்டது

பெரும்பாலும் பேஸ் குற்றவாளி இல்லை. தக்காளி கெச்சப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு, அதில் பெரும்பகுதி சர்க்கரை. ஸ்வீட் கார்ன், அன்னாசி, பார்பிக்யூ சாஸ், கூடவே குடித்த குளிர்பானம் எல்லாவற்றையும் கணக்கில் எடுங்கள். கடையில் ரெடியாகக் கிடைக்கும் காலிஃபிளவர் பேஸ் வாங்கியிருந்தால் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். பொருட்கள் எடை வரிசையில்தான் அச்சிடப்படும். அரிசி மாவோ மரவள்ளி மாவோ முதல் இரண்டு மூன்று இடங்களில் இருந்தால் அதில் காலிஃபிளவர் பெயருக்குத்தான் இருக்கிறது.

சீஸும் பாதாமும் நிறையச் சேர்ந்த சாப்பாட்டில் சர்க்கரை உடனே ஏறாமல் மூன்று நான்கு மணி நேரம் கழித்து மெதுவாக ஏறுவதும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு நிம்மதியானவர்கள் ஒரு தடவை பின்னாலும் பார்ப்பது நல்லது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வழக்கமான இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு இதற்கு மாறும்போது சர்க்கரை தாழ்ந்துபோகவும் வாய்ப்புண்டு. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வயிறு உப்புசம்

காலிஃபிளவர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முழு பேஸையும் ஒருவரே சாப்பிட்டால் அரைக் கிலோ பூ ஒரே வேளையில் உள்ளே போகிறது என்று நினைத்துப் பாருங்கள். பாதியோடு நிறுத்தி, கூட ஒரு கிண்ணம் சாலட் வைத்துக்கொள்ளுங்கள். இசப்கோல் போட்டிருந்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மலச்சிக்கல் வரும்.

ஓவனே இல்லை

காலிஃபிளவர் பேஸை இரும்புத் தோசைக்கல்லில் செய்யலாம், 7 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எண்ணெய் தடவிய கல்லில் வைத்து மூடாமல் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஓரம் தானாக விட்டதும் தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூடி, கல்லோடு புரட்டி, மறுபடி கல்லில் நகர்த்துங்கள். தோசைத் திருப்பியால் திருப்பினால் இரண்டாகிவிடும். மறுபுறம் ஆறேழு நிமிடம். டாப்பிங் போட்ட பிறகு மட்டும் மூடி போடலாம், சீஸ் உருகும் வரை, இரண்டு மூன்று நிமிடம். பாதாம் பேஸுக்குக் கல் சரிவராது, சீஸ் உருகி ஓட ஆரம்பித்துவிடும்.

மறுநாள் ரப்பராகிவிட்டது

குளிர்ந்த மொசரெல்லா இறுகத்தான் செய்யும். மைக்ரோவேவில் சுடவைத்தால் இன்னும் மோசமாகும். தோசைக்கல்லில் மூடாமல் நாலைந்து நிமிடம் வைத்தால் பாதிக்கு மேல் மீண்டுவிடும். மிச்சம் வரும் என்று தெரிந்தால் டாப்பிங் போடாத பேஸையே எடுத்து வையுங்கள். முதல் சூடு முடிந்து முழுக்க ஆறிய பிறகு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பேக்கிங் தாள் வைத்து உறையில் காற்றில்லாமல் மூடி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். எடுக்கும்போது உருகவிட வேண்டாம், உருகவிட்டால் தண்ணீர் விடும். உறைந்தபடியே காய்ந்த அடுப்பில் ஐந்து நிமிடம் வெறுமனே சுட்டுவிட்டு, அப்புறம் சாஸும் மற்றதும் போட்டுக்கொள்ளுங்கள்.